பின்வாங்காத பெட்டி

கிட்டே வாருங்கள் கண்ணுகளா, நாற்காலிகளை இன்னும் கொஞ்சம் நெருக்கிப் போடுங்கள். இன்று காற்று பலமாக இருக்கிறது. கடைசி வரிசைக்குப் போகுமுன் என் குரலை அள்ளிக் கியூபா பக்கம் கொண்டுபோய்விடும். புதுப் பாலம் வருவதற்கு முன்னால் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு பெண்பிள்ளை ஒரு பெரிய படகை வழிமறித்த கதை. பாலத்துக்கு அடியில் மறித்தாள் என்றாலாவது நம்பலாம். இவள் மறித்தது பாலத்தின் மேலே.

அவள் பெயர் ஐடெல்லா ஸ்வீட்டிங். தீவுச் சரத்தின் கடைசித் தீவான கீ வெஸ்ட்டில் பிறந்தவள். பாட்டன் காலத்தில் பஹாமாவிலிருந்து பாய்மரத்தில் வந்திறங்கிய கறுப்பர் குடும்பம். கணவர் அம்ப்ரோஸுக்கு, தீவுகளை இணைக்கும் ஏழு மைல் பாலத்தில் வேலை. அந்தப் பாலத்தை முதலில் ரயிலுக்காகத்தான் கட்டினார்கள். புயல் ரயிலை ஒழித்த பிறகு அதே தூண்களின் மேல் தார்ச்சாலை போட்டார்கள். கழற்றின தண்டவாளங்களை வீணாக்காமல் இரண்டு ஓரங்களிலும் தடுப்புக் கம்பியாக நிறுத்தினார்கள். உப்புக் காற்று இரும்பைச் சும்மா விடுமா? ஒரு கோடியில் துருவைச் சுரண்டி, வெள்ளை பூசிக்கொண்டே மறுகோடிக்குப் போய்ச் சேர்வதற்குள், ஆரம்பித்த இடம் மறுபடி சிவந்து கிடக்கும். திரும்பவும் முதலிலிருந்து. அம்ப்ரோஸின் ஆயுள் அப்படித்தான் போயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கையிலிருந்த பெயிண்டைச் சுரண்டிவிட்டு, தேவாலய வாத்தியக் குழுவில் பெரிய டிரம் அடிப்பார்.

அவருக்கு நுரையீரலில் நீர் கோத்து, மயாமியில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கேயே முடிந்துபோயிற்று. போகுமுன் மனைவியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஒன்றுதான் கேட்டார்.

"என்னை நம்ம பாலத்து வழியா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடு, ஐடெல்லா. நேரா. எங்கயும் திருப்பாம."

"திருப்பாம" என்று அவர் ஏன் சொன்னார் என்பது அவளுக்குத் தெரியும். அவர்கள் தெருவில் ஒரு நம்பிக்கை உண்டு. வீடு திரும்பும் சவப்பெட்டி முன்னால்தான் போக வேண்டும். ஒரு அடி பின்வாங்கினாலும் செத்தவருக்கு வழி குழம்பிவிடும். பிறகு அவர் சொந்தக்காரர்களின் கனவுக்கு வரமாட்டார். ஐடெல்லாவின் தம்பி பஹாமாவில், நாசோவில் இறந்து, பெட்டி படகில் வந்தது. கரை தட்டும் நேரத்தில் காற்று மாறி, படகு பின்னால் போய்விட்டது. மறுபடி கயிறு வீசி இழுத்தார்கள். அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம். செத்த கோழி, தொலைந்த செருப்பு எல்லாம் அவள் கனவில் வந்தன. தம்பி மட்டும் ஒரு நாளும் வரவில்லை. அவனுடைய முகம்கூட இப்போது அவளுக்குப் பாதிதான் ஞாபகம். அம்ப்ரோஸையும் அப்படி விட்டுவிட அவள் தயாராக இல்லை.

மயாமியில் சவ ஊர்தி வைத்திருந்தவர், "தீவுங்களுக்கெல்லாம் வண்டி வராதும்மா" என்று கையை விரித்துவிட்டார். டெல்மார் வந்தான். ஐடெல்லாவின் சித்தி மகன். வாரந்தோறும் கீ வெஸ்ட்டிலிருந்து மயாமிக்கு மீன் ஏற்றிவந்து, வெறும் லாரியோடு திரும்புகிறவன்.

"அக்கா, லாரியைக் கழுவிட்டேன். புது ஐஸ் போட்டிருக்கேன். ஆனா மீன் வாசம் மட்டும் போகாது, சொல்லிட்டேன்."

"முப்பது வருஷம் டர்பென்டைன் வாசத்தோட படுத்தவ நான். மீன் வாசம் என்னடா பண்ணப்போகுது? தூக்கு."

கால்பக்கம் வண்டியின் முன்பக்கமாக இருக்கும்படி பெட்டியை ஏற்றினார்கள். விடியலில் கிளம்பி, பெரிய நிலத்தின் சதுப்புக்காட்டைத் தாண்டி, முதல் தீவில் சக்கரம் ஏறியதும் டெல்மார் ஹாரனை ஒருமுறை தட்டினான். வந்துகொண்டிருக்கிறோம் என்று அம்ப்ரோஸ் மாமாவுக்கே சொல்வதுபோல.

தீவு, பாலம், தீவு, பாலம். இடப்பக்கம் ஆழக்கடல், வலப்பக்கம் ஆழமில்லாத பச்சைக் கடற்கழி. பாலங்களின் ஓரத்தில் தூண்டில் போட்டு நின்றவர்கள், திறந்த லாரியில் பெட்டியைப் பார்த்ததும் கயிற்றைச் சுற்றி மேலே எடுத்துக்கொண்டார்கள். சவம் கடந்துபோகும் நேரத்தில் எதையும் கொக்கியில் மாட்டி இழுப்பதில்லை. கறுப்பரும் செய்தார்கள், வெள்ளையரும் செய்தார்கள். ஆனால் பெட்ரோல் போட நின்ற இடத்தில் வேறு மாதிரி. பெட்ரோல் ஊற்றினான் கடைக்காரன். தண்ணீர் கேட்டதற்குச் சுவரில் தொங்கிய பலகையைக் காட்டினான். யார் உள்ளே வரலாம், யார் வரக்கூடாது என்ற பலகை. அடுத்த சாப்பாட்டுக் கடையிலும் அதே பலகை. டெல்மார் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. ஐடெல்லாவின் மடியில் ஒரு பொட்டலம் இருந்தது. பொரித்த மீனும் ஜானி ரொட்டியும்.

"அக்கா, அந்தப் பொட்டலம்..."

"மாமாவை ஊர்ல கொண்டுபோய்ச் சேர்த்துட்டுச் சாப்பிடுவோம்டா."

டெல்மார் எச்சிலை விழுங்கிக்கொண்டு ஓட்டினான்.

இனி நடந்த தப்பைக் கவனமாகக் கேளுங்கள். அதைத் தப்பு என்று சொல்லலாமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஏழு மைல் பாலம் அந்தக் காலத்தில் ரொம்பக் குறுகல். எதிரும் புதிருமாக இரண்டு லாரி வந்தால் கண்ணாடிகளை மடக்கிக்கொண்டுதான் உரசாமல் போக முடியும். அகலமான சுமை ஏதாவது வந்தால் பாலத்தை ஒருவழியாக்கிவிடுவார்கள். மறுகோடியில் கொடிக்காரன் வண்டிகளை நிறுத்திவைப்பான். அன்று வடகோடியில் கொடி பிடித்தவர் கிழவர் சைமன். அம்ப்ரோஸோடு வெள்ளை பூசியவர். தென்கோடியிலிருந்து ஒரு அகலச் சுமை வருகிறது, யாரையும் விடாதே என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள். அவரும் சிவப்புக் கொடியை நீட்டிக்கொண்டுதான் நின்றார். ஆனால் வந்தது டெல்மாரின் லாரி. அதில் இருந்தது அம்ப்ரோஸ்.

சைமன் கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தொப்பியைக் கழற்றினார். தலையைக் குனிந்தார். சவத்தை நிறுத்துவது அவருக்குக் கைவராத காரியம். டெல்மார் கண்ணாடியை மடக்கிக்கொண்டு பாலத்தில் ஏறினான். பின்னால் நின்ற கார்களும், வழி விட்டாயிற்று என்று நினைத்து வரிசையாக ஏறிவிட்டன.

பாலம் அநேகமாக முழுக்க ஓடியாயிற்று. தென்கோடித் தீவின் தென்னைகள் தலைகாட்டுகிற தூரம். அங்கேதான் எதிரே அது வந்தது.

ஒரு படகு. வெள்ளை வெளேரென்று, மாடிவீடு மாதிரி. சக்கர மேடையில் ஏற்றி, ஒரு பெரிய லாரி இழுத்துவந்தது. பாலத்தின் அகலத்தில் முக்கால் பங்குக்குமேல் அதுவே அடைத்துக்கொண்டது. முன்னால் மோட்டார் சைக்கிளில் ஒரு போலீஸ்காரர். இரண்டு வண்டிகளும் முகத்தோடு முகம் நின்றன.

போலீஸ்காரர் இறங்கிவந்தார். முகமெல்லாம் வியர்வை.

"யாருய்யா உங்களை உள்ள விட்டது?"

சைமனின் பெயரைச் சொன்னால் சைமனின் வேலை போய்விடும். டெல்மார் உதட்டைப் பிதுக்கினான்.

"யாரும் விடல சார். நாங்களா வந்துட்டோம்."

"நல்லா வந்தீங்க. பின்னால எடு. பின்னாடி இருக்கிற கார்களையும் எடுக்கச் சொல்லு. முழுக்கப் போகணும், அந்தக் கோடி வரைக்கும்."

டெல்மார் பக்கத்தில் திரும்பிப் பார்த்தான். அங்கே யாரும் இல்லை. ஐடெல்லா கதவைத் திறந்து ஏற்கெனவே இறங்கியிருந்தாள். கறுப்பு உடுப்பு, கறுப்புத் தொப்பி, கையில் பொட்டலம். லாரியைச் சுற்றிப் பின்னால் போனாள். ஒரு மீன்கூடையை எடுத்துப் பின்சக்கரத்துக்கு நேராகக் கவிழ்த்துப்போட்டு, அதன்மேல் உட்கார்ந்து, உடுப்பை முழங்காலுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"எடுக்கலாம்னுதான் சார் நானும் பாக்கறேன்," என்றான் டெல்மார். "அக்கா சக்கரத்துக்குப் பின்னால உக்காந்திருக்காங்களே!"

போலீஸ்காரர் அவளிடம் போனார். "இந்தாம்மா, எந்திரி."

"மிஸஸ் ஸ்வீட்டிங்."

"என்ன?"

"என் பேரு மிஸஸ் ஸ்வீட்டிங். உள்ள படுத்திருக்கிறது மிஸ்டர் ஸ்வீட்டிங். இந்தம்மா அந்தம்மான்னு இங்க யாரும் இல்ல."

அவர் மூச்சை இழுத்துவிட்டார். "சரி, மிஸஸ் ஸ்வீட்டிங். அந்தச் சக்கர மேடையைப் பின்னால எடுக்க முடியாது. வளைஞ்சு கம்பியை உடைச்சுக்கிட்டுக் கடல்ல விழும். உங்க லாரி சின்னது. சட்டப்படியும் பாலம் இப்ப அவங்களுக்குத்தான்."

"அவங்க இப்பதானே ஏறினாங்க? நாங்க முழுப் பாலத்தையும் தாண்டி வந்துட்டோம். வீட்டுக்குப் போற பெட்டி பின்னால போகாது."

"அது என்ன கணக்கு?"

"எங்க தெருக் கணக்கு."

அதற்குள் படகுக்காரரே வந்துவிட்டார். விட்லாக் என்று பெயர். வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைச் சப்பாத்து. மயாமியில் நாளைக்கு அவருக்கு ஏதோ படகு விருந்தாம். பெட்டியையும் பார்த்தார், ஐடெல்லாவையும் பார்த்தார்.

"உங்க துக்கம் புரியுது. ஆனா எனக்கு நேரமாகுது. செத்தவங்களுக்கு நிறைய நேரம் இருக்கு."

"இருக்குல்ல? அதான் நிதானமா நிக்கறாரு."

பின்வரிசைக் காரிலிருந்து இறங்கிவந்த யாரோ களுக்கென்று சிரித்தார்கள். விட்லாக்கின் கழுத்து சிவந்தது.

ஐடெல்லா கேட்டாள்: "நான் ஒண்ணு கேக்கறேன் ஐயா. அது படகுதானே?"

"ஆமா."

"ரெண்டு பக்கமும் கடல். உங்க படகு எதுக்கு ரோட்டுல வருது?"

"இப்பத்தான் புதுசா வர்ணம் பூசியிருக்கு. விருந்துக்கு முன்னாடி உப்புப் பட்டா மங்கிடும்."

ஐடெல்லா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு பக்கத்துத் தடுப்புக் கம்பியைத் தட்டிக் காட்டினாள். டங் என்று ஒலித்தது.

"உப்புப் பட்டா மங்கும்னு இங்க எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேணாம். இந்தக் கம்பியை ஆயுசு பூரா வெளுக்க வெச்சவரு உள்ள படுத்திருக்காரு. உங்க படகு உரசாமப் போகணும்னுதான் துரு எடுத்தாரு. இன்னைக்கு ஒரு நாள் நீங்க அவருக்காக நில்லுங்க."

அப்போது படகுக்குப் பின்னாலிருந்து ஒரு டிராம்போன் குழல் முக்கி முனகியது.

கண்ணுகளா, வாத்தியக் குழு கீ வெஸ்ட்டில் இடுகாட்டு வாசலில் காத்திருக்க வேண்டியது. ஆனால் தலைவர் தியோஃபிலஸுக்கு இருப்புக் கொள்ளவில்லை. நம்ம டிரம்காரனை நாமே எதிர்கொண்டு அழைப்போம் என்று தேவாலய பஸ்ஸில் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். வழியில் இந்தப் படகின் பின்னால் மாட்டிக்கொண்டு, நத்தை வேகத்தில் திட்டித் திட்டி வந்திருக்கிறார்கள். படகு நின்றதும் கம்பியோரமாக ஒவ்வொருவராய் நுழைந்து, வாத்தியங்களைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள்.

தியோஃபிலஸ் விஷயத்தைக் கேட்டார். பெட்டியைப் பார்த்தார். "அடப்பாவி அம்ப்ரோஸ்! உயிரோட இருந்தப்பவும் ஒத்திகைக்கு லேட்டாத்தான் வருவான். ஐடெல்லா, ஒண்ணு செய்வோம். நாங்க தோள்ல தூக்கிக்கறோம்."

"தோள்ல தூக்கினா இடம் பத்தாது அண்ணே," என்றான் டெல்மார். "படகு வயிறு வெளிய துருத்திக்கிட்டு நிக்குது. ஒரு ஆள் ஒதுங்கிப் போறதே பெரிசு."

எல்லாரும் அந்த இடைவெளியைப் பார்த்தார்கள். ஒரு பக்கம் படகின் வயிறு. மறுபக்கம் இடுப்பளவு உயரத் தண்டவாளக் கம்பி. அதற்கப்பால் கீழே கடல். ஐஸ் உருகி லாரியின் ஓரத்திலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே நின்றால் சவத்துக்கே மரியாதை இல்லாமல் போகும். ஐடெல்லாவுக்கும் அது தெரியும். பின்னால் போகலாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் எல்லாம் லேசாக முடிந்துவிடும். தம்பியின் பாதி முகம் அவள் கண்முன் வந்து நின்றது.

பொட்டலத்தைக் கூடைமேல் வைத்துவிட்டு எழுந்தாள். கம்பிமேல் கையை வைத்தாள்.

"இது மேல வெச்சுத் தள்ளுங்க."

"எதை? பெட்டியையா? இந்தக் கம்பி மேலயா?"

"ரயிலையே தாங்கின தண்டவாளம். பெயிண்ட் அடிச்சவரைத் தாங்காதா?"

போலீஸ்காரர் கையை உயர்த்தினார். "இதெல்லாம் கூடாது. விழுந்தா நான்தான் பதில் சொல்லணும்."

"அப்ப நீங்களும் ஒரு கை பிடிங்க," என்றாள் ஐடெல்லா.

பாய்மரக் கயிறு ஒன்றைப் பெட்டியைச் சுற்றிக் கட்டினார்கள். கால்பக்கம் தெற்கே பார்க்கும்படி, நீளவாக்கில் கம்பியின் மேல் ஏற்றினார்கள். உள்பக்கமாக ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக நின்று, வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டார்கள். கார்களில் வந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அவர்களில் ஒருவர் தூண்டில் போட வந்த வெள்ளையர். கேட்காமலே வந்து கயிற்றைப் பிடித்தார். ஐடெல்லா முன்னால் நின்று, தன் கறுப்புச் சால்வையைக் கம்பிமேல் விரித்தாள். பெட்டி அதன்மேல் வழுக்கிவரும். அவள் சால்வையை உருவி மறுபடி முன்னால் விரிப்பாள். ஒரு முழம். இன்னொரு முழம். பூசின வெள்ளை அவ்வளவு வழவழப்பு, பெட்டி எண்ணெய் போட்டதுபோல நகர்ந்தது.

படகின் வயிறு பெருத்த இடத்தில் காற்று ஒருமுறை வேகமாக மோதியது. பெட்டி கடல்பக்கம் சாய்ந்தது. யாரோ "கர்த்தரே!" என்று கத்தினார்கள்.

"பின்னால இழுங்கய்யா! பின்னால இழுத்து நேராக்குங்க!" என்று படகு லாரியின் ஓட்டுநர் அலறினான்.

"பின்னால இழுத்தா கையை உடைப்பேன்!" என்றாள் ஐடெல்லா. "முன்னாலயே நேராக்குங்க. அம்ப்ரோஸ், நீங்களும் கொஞ்சம் உடம்பை இந்தப் பக்கம் சாய்ங்க!"

தோள்கள் இறுகின. போலீஸ்காரர் தன் தொப்பி கடலில் விழுந்ததைக்கூடப் பாராமல் இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார். பெட்டி மெல்ல நிமிர்ந்தது. ஒரு விரற்கடைகூடப் பின்னால் போகவில்லை. சாய்ந்த பெட்டி உரசிக் கம்பியின் வெள்ளையில் ஒரு கோடு விழுந்தது; படகின் புது வர்ணத்திலும், அத்தனை பேர் முதுகும் உரசியதில், நீளமாக ஒரு கோடு விழுந்தது. விட்லாக் வாயைத் திறந்தார். அவரைப் பார்க்க யாருக்கும் நேரமில்லை.

மறுபக்கம் வந்ததும் தியோஃபிலஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பஸ்ஸில ஏத்துங்கப்பா."

"பஸ் எந்தப் பக்கம் பாத்து நிக்குது அண்ணே?" என்று கேட்டாள் ஐடெல்லா.

பஸ் வடக்கே பார்த்து நின்றது. திருப்ப இடமில்லை. ஏற்றினால் பெட்டி பின்னால்தான் போக வேண்டும். தியோஃபிலஸ் தலையைச் சொறிந்தார். பிறகு டிராம்போனை உதட்டில் வைத்தார். "நடப்போம். எப்படியும் நடந்துதானே இவனைக் கொண்டுபோறது."

தோளில் தூக்கினார்கள். வாத்தியங்கள் எழுந்தன. பெரிய டிரம்மை அடிக்க ஆள் இல்லாததால் ஐடெல்லாவே அதை மாட்டிக்கொண்டு அடித்தாள். தாளம் தப்பித்தான் போயிற்று, யாரும் திருத்தவில்லை. முன்னால் காலியான பஸ், ஓட்டுநர் பெட்டியைப் பார்த்தபடியே, பின்பக்கமாக ஊர்ந்து போயிற்று. அரசர் முன்னிலையிலிருந்து முதுகு காட்டாமல் விலகுவார்களே, அந்த மாதிரி. அன்று அந்தப் பாலத்தில் முதலில் பின்வாங்கியது அதுதான்.

டெல்மார் படகுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கம்பிமேல் ஏறிக் கத்தினான்: "அக்கா! மாமா இறங்கிட்டாரு. இப்ப நான் லாரியைப் பின்னால எடுக்கலாமா?"

ஐடெல்லா டிரம்மை நிறுத்தாமலே திரும்பிப் பார்த்தாள். "உன் லாரி, உன் இஷ்டம். ஆனா காலையிலேர்ந்து நீ ஒண்ணும் சாப்பிடலயேடா. பொட்டலம் கூடை மேல இருக்கு."

"ஆமால்ல!" என்றான் டெல்மார்.

மீன்கூடைமேல் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தான். பொரித்த மீனின் முள்ளை ஒவ்வொன்றாக எடுத்து, கம்பிக்கு வெளியே கூழைக்கடாக்களுக்கு வீசினான். ரொட்டியைப் பிட்டு, பின்வரிசைக் கார்க்காரர்களுக்கும் கொடுத்தான். விட்லாக் இரண்டு தரம் வந்து நின்றார்.

"இன்னும் எவ்வளவு நேரம்?"

"வழியில எந்தக் கடையிலயும் உக்கார விடல ஐயா," என்றான் டெல்மார், விரலை நக்கிக்கொண்டு. "அதான் இங்க உக்காந்துட்டேன்."

போலீஸ்காரர் கம்பியில் சாய்ந்து, தொப்பியில்லாத தலையைத் தடவிக்கொண்டு, கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி ரொட்டித் துண்டும் தீர்ந்த பிறகுதான் கார்களும் டெல்மாரின் லாரியும் பின்னால் நகர்ந்தன.

தென்கோடித் தீவில் வேறு லாரி பிடித்து, வெளிச்சம் இருக்கும்போதே அம்ப்ரோஸைக் கீ வெஸ்ட் மண்ணில், பவளக்கல் கல்லறையில் வைத்தார்கள். சைமனின் வேலையும் போகவில்லை. தாங்களாகவே வந்ததாக டெல்மார் கடைசிவரை சாதித்தான்.

பிறகு ரொம்ப நாள் தெருவில் பெண்கள் ஐடெல்லாவைக் கேட்பார்கள்: "என்னக்கா, அண்ணன் கனவுல வந்தாரா?"

"வராம எங்க போவாரு? நேத்துகூட வந்தாரு. கம்பியில கோடு விழுந்திருக்கு, யாரு கிறுக்கினதுன்னு சண்டை. உங்க பெட்டிதான் கிறுக்குச்சுன்னு சொன்னேன். வாயை மூடிக்கிட்டாரு."

அவ்வளவுதான் என் கண்ணுகளா. காற்றும் தணிந்துவிட்டது, கிளம்புங்கள். உங்கள் வீட்டை விட்டுத் தூரம் போனவர்கள் எல்லாரும் யாருக்கும் வழிவிட்டுத் திரும்பாமல் நேராக உங்கள் வாசலுக்கு வந்து சேரட்டும். உங்கள் அடுப்பில் எப்போதும் ஒரு ஆளுக்குக் கூடுதலாக இருக்கட்டும். உங்கள் வாசலில் எந்தப் பலகையும் இல்லாதிருக்கட்டும். உங்களுக்குப் பிரியமானவர்களின் முகம் உங்கள் கனவில் ஒருநாளும் பாதியாகாமல் இருக்கட்டும்.